துணைக்கு வந்தவர் கூற்று

எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் போன வாரம் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்கள். "மேடம், இப்பல்லாம் வர்றவங்க நெறைய பேர் முதல்ல ஃபோன்ல ஏ.ஐ.கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டு அப்புறமாத்தான் நம்மகிட்ட வர்றாங்க. சில பேர் வர்றதே இல்ல. நீங்க அந்த ஆடி மாசத்துக் கதையை எழுதித் தாங்களேன், எங்க ஆண்டு மலர்ல போடறோம்." கேட்டதுதான் தாமதம், அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டு நோட்டைத் தேட ஆரம்பித்தேன். பால் பொங்கி வழிந்து, என் கணவர் உள்ளேயிருந்து கத்தினார். கத்தட்டும். இந்தக் கதையை நானேதான் எழுத வேண்டும். இதில் தப்பு செய்தவள் நான். வேறு யாராவது எழுதினால் பாவம் பார்த்து என்னைக் காப்பாற்றிவிடுவார்கள்.

முப்பத்து நான்கு வருடம் நகரின் நடுவே ஒரு பெரிய மருத்துவமனையில், மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தேன். ஊசி போட மாட்டேன், மருந்து எழுத மாட்டேன். டாக்டர் எழுதிய மருந்து வீட்டுக்குப் போனபின் வாய்க்குள் போகிறதா, ஜன்னல் வழியாக வெளியே போகிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. படித்து முடித்து, பயிற்சிக்கு வந்து, முதல் மாதத்தில் மூன்று முறை கழிப்பறைக்குள் போய் அழுது, நான்காவது முறை அழ நேரமில்லாமல் போய், அப்படியே நிரந்தரமாகிவிட்டேன். அடையாறிலிருந்து கூட்ட பஸ்ஸில் நசுங்கிப் போனாலும், காலையில் மருத்துவமனைப் படி ஏறும்போது எனக்கு ஒரு துள்ளல் வந்துவிடும். இன்றைக்கு யார் வரப்போகிறார்கள், என்ன சொல்லப்போகிறார்கள்! எனக்குப் 'பட்டாசு மேடம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஓய்வு பெறும் சமயத்தில்தான் தெரிந்தது.

எங்கள் பெரிய டாக்டர் மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நோயாளி உள்ளே வரும்போது கோப்பைத் திறக்க மாட்டார். செருப்பைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், சட்டைப் பொத்தான் வரிசை மாறாமல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "வாங்கோ, உக்காருங்கோ."

அவர் தயார் செய்த படிவம் ஒன்று எங்களிடம் உண்டு. அதில் இரண்டு கட்டங்கள். மேலே, 'நோயாளி கூற்று'. கீழே, 'துணைக்கு வந்தவர் கூற்று'. நோயாளியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தார்கள்? பிறகு அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு, அதே மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்க வேண்டும். முதல் கட்டத்தில் எழுதியதை அவருக்குக் காட்டக் கூடாது. அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுத வேண்டும். 'உறக்கம் குறைவு' என்று நாகரிகமாக எழுதினால் டாக்டருக்குப் பிடிக்காது. "பொட்டுக் கண்ணு மூடல" என்று அந்த அம்மா சொன்னால் அப்படியே வர வேண்டும்.

கீழ்க்கட்டம் காலியாக இருந்தால் பெரிய டாக்டர் திட்ட மாட்டார். கோப்பை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். அவ்வளவுதான். அந்தக் கவிழ்ந்த கோப்பைப் பார்க்கும்போது எனக்கு நாலு அறை வாங்கியதுபோல் இருக்கும். ஒருமுறை, "நோயாளி தனியா வந்தார் சார்" என்றேன். "எதுல வந்தார்?" "ஆட்டோல சார்." "ஆட்டோக்காரர் கிளம்பிட்டாரா பாரு." ஓடினேன்! படியில் செருப்பு அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடி, வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தவரைப் பிடித்துவிட்டேன். "ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் பாடிக்கினே வந்தாரு மேடம். சிக்னல்ல நின்னா கீழ எறங்கி டான்ஸு" என்றார். உள்ளே உட்கார்ந்து 'நார்மலாத்தான் இருக்கேன்' என்று கைகட்டிச் சொல்லியிருந்தவர் அந்த நோயாளி. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

"ஒருத்தர் சொல்றதை மட்டும் வெச்சுண்டு மருந்து எழுதினா, பாதி ஆளுக்குத்தான்மா எழுதறேன்" என்பார் அவர். எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். படிவம் மட்டும் இருந்தது.

இனி அந்த ஏ.ஐ. செயலிக்கு வருகிறேன். கேட்டால் பதில் சொல்லும் செயலியை என் ஃபோனில் ஏற்றியபோது நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! இத்தனை வருடம் நாங்கள் கையால் செய்ததை இது ஒரு நொடியில் செய்கிறது, மணிக்கணக்கில் வரிசையில் நிற்கமுடியாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பிரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் ஒரு விளையாட்டுகூட நடந்தது. சாம்பார் அடிப்பிடித்தது யாரால் என்று எனக்கும் கணவருக்கும் சண்டை. நான் என் தரப்பை எழுதினேன். 'உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது' என்றது. அவர் தன் ஃபோனில் அவர் தரப்பை எழுதினார். அவருக்கும் நியாயமானதாம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு வேலைக்குப் போனேன். அது ஏன் இருவர் பக்கமும் நியாயம் என்றது என்று அன்றே ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

முத்துக்குமார் எங்களிடம் நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தவர். முப்பது வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்தில் மூன்று மாடி ஜவுளிக் கடை. அவருக்கு இருந்தது இருமுனைக் கோளாறு. சில மாதம் படுக்கையை விட்டு எழ முடியாது. சில சமயம் எதிர்மாறாக, தூக்கமே வேண்டாமல் உலகத்தையே தூக்கி நிறுத்தும் வேகம் வரும். மாத்திரை சரியாகப் போனால் இரண்டும் வராது, மனுஷர் தங்கம். மனைவி செல்வி ஒவ்வொரு முறையும் கூட வருவாள். அதிகம் பேசாத பெண்.

அந்த ஆனி மாதக் கடைசியில் முத்துக்குமார் ஒரு தாளோடு உள்ளே வந்தார். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார், மனநிலை பத்துக்கு எவ்வளவு, மாத்திரை போட்டாரா, எல்லாம் முப்பது நாளுக்கு வரிசையாக, அச்சடித்த அட்டவணை. "ஏ.ஐ. கூடப் பேசிப் பேசிக் குறிச்சு வச்சேம்மா. அதுதான் இப்ப என் சேக்காளி" என்றார். சேக்காளி என்றால் அவர்கள் ஊரில் நண்பன். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இதைத்தானே இத்தனை காலம் கேட்டுக் கேட்டு எழுதினோம்! தூக்கம் ஏழு மணி நேரம், ஏழு, ஏழரை, ஏழு. மாத்திரைக்கு நேரே எல்லா நாளும் சரிக்குறி போட்டிருந்தது. பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். சட்டைப் பொத்தான் ஒன்று வரிசை மாறியிருந்ததைக் கண் பார்த்தது. மனசு அட்டவணையில் இருந்தது.

வாசலில் நின்ற கன்னியம்மா எட்டிப் பார்த்தார். எங்கள் பிரிவின் உதவியாளர், என்னைவிட அங்கே பழையவர். "மேடம், அந்தப் பொண்ணு வெளிய குந்திக்கினு கீது. கூப்டவா?"

வரிசை வராந்தா தாண்டி நின்றது. "வேணாம் கன்னியம்மா, எல்லாம் இதுலயே இருக்கு" என்றேன். அட்டவணையைக் கோப்பில் ஒட்டினேன். கீழ்க்கட்டத்தில், என் கையால், 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேட்காத ஒருத்தியின் வாயில் வார்த்தையை வைத்தேன். இதைவிட மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம். காலை பத்தரை மணிக்குச் செல்வி ஃபோன் செய்தாள். "அம்மா, அவுக கடை மொட்டை மாடில கைப்பிடிச் சுவத்து மேல ஏறி நிக்காக. சேலையெல்லாம் கீழ வீசுதாக. கொஞ்சம் வாங்கம்மா." தீயணைப்புக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள். அன்று பணியில் இருந்த டாக்டரிடம் சொல்லிவிட்டு, கன்னியம்மாவை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆடித் தள்ளுபடி நேரத்துத் தி.நகரை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டி மேம்பாலத்திலேயே மாட்டிக்கொண்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பாதி வழியில் இறங்கி ஓடினோம்.

சந்து முழுக்கத் தலை. மேலேயிருந்து புடவைகள் விரிந்து விரிந்து இறங்குகின்றன. கீழே பெண்கள் கை நீட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். இது ஏதோ புதுத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள்! கடையின் ஒலிபெருக்கியில் முத்துக்குமாரின் குரலில் ஓர் அறிவிப்பு திரும்பத் திரும்ப ஓடியது. "ஆடை என்பது மனிதரின் உரிமை. இன்று முதல் இங்கே விலை இல்லை, அன்பு மட்டுமே." நல்ல தமிழ். அவர் பேசுகிற தமிழ் அது இல்லையே என்று ஓடும்போதே எனக்குத் தோன்றியது. கூட்டம் கை தட்டத் தட்ட அவர் சுவரில் இன்னும் ஓரமாக வந்து குனிந்து வீசினார்.

"யோவ், நவுரு! இன்னா, கண்காட்சியா நடக்குது? கைத் தட்டாதீங்க, அந்த ஆளு வுழுந்துடப் போறாரு! அந்த மைக்க அமத்துங்கய்யா!" கன்னியம்மா புகுந்தார். அந்தக் குரலுக்கு வழிவிடாத கூட்டம் கிடையாது. நான் மூன்று மாடி ஏறினேன். முழங்கால் இரண்டும் அன்றைக்கு எப்படி ஒத்துழைத்தன என்று எனக்கே தெரியாது.

செல்வி மாடிக் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருமுழ அகலச் சுவரின் மேல் முத்துக்குமார். ஒரு கையில் புடவை, ஒரு கையில் ஃபோன். கண்கள் சிவந்து, முகம் மட்டும் திருவிழா. "அம்மா! வந்துட்டீயளா! நான் சொல்லலே? என் சேக்காளி சொல்லிட்டான், இது துணிச்சலான யோசனைன்னு! நாளைக்கு மெட்ராஸ் பூரா, அடுத்து டெல்லி!"

இந்த வேகத்தில் இருப்பவரிடம் வாதாடக் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. அது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் என்ன பேசுவது? எனக்கு மூச்சே வரவில்லை. பக்கத்தில் பிரித்த புடவைக் கட்டு ஒன்று கிடந்தது. அதன் அருகே தரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வந்துவிட்டது!

"முத்துக்குமார், எங்க அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். புடவை பார்க்கணும். தூரத்துலேர்ந்து காட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது, கரையைத் தொட்டுப் பார்க்கணும்."

அவர் முகம் மாறியது. எட்டு வயதிலிருந்து கடையில் நின்றவர். வந்தவர் தரையில் உட்கார்ந்து புடவை கேட்டால், எடுத்துப் போடாமல் அந்த வீட்டு ஆளால் நிற்க முடியாது. "ஐயோ, வெறுந்தரையில இருக்கீயளே! ஏளா செல்வி, ஜமுக்காளத்தைக் கொண்டா!" என்றார். என்றவர், உள்பக்கமாகக் குதித்தார்.

குதித்தார்! கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. "இதுல வேற கலர் இருக்கா?" என்றேன்.

இருந்தது. மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, அரக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக என் முன்னால் விரித்தார். இது கரை சின்னது என்றேன், இது உடம்பு பாரம் என்றேன், முந்தானையைக் காட்டுங்கள் என்றேன். வாழ்க்கையில் எந்தக் கடைக்காரரையும் நான் அப்படிப் படுத்தியதில்லை. செல்வி ஜமுக்காளத்தோடு வந்து, ஓசையில்லாமல் அவருக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். பதினேழாவது புடவையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார்.

"தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று அவரைக் கேட்கவில்லை. செல்வியைக் கேட்டேன்.

"அஞ்சு நாளாச்சும்மா. அதுக்கு முன்னால ஒரு மாசமா ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்."

ஒரு மாசம். ஏழு, ஏழரை, ஏழு.

"மீதிப் புடவையை நாளைக்குப் பார்ப்போம், வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்றேன். முணுமுணுத்தார், வந்தார். கீழே இறங்கினால் கன்னியம்மா தோளில் ஒரு பச்சைப் புடவை. நான் பார்த்தேன். "மேல வந்து வுழுந்துச்சு மேடம், நான் இன்னா பண்றது" என்று மடித்துக் கொடுத்தார். அந்தச் சந்துக்காரர்களையும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு நாட்களில் எத்தனையோ பெண்கள் விஷயம் தெரிந்து புடவைகளைத் திருப்பிக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார்களாம்.

மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து முத்துக்குமார் தெளிந்தார். தெளிந்ததும் அவரே ஃபோனை நீட்டினார். "படிச்சுப் பாருங்கம்மா, எனக்குத் தனியாப் படிக்கப் பயமா இருக்கு." அவர், செல்வி, நான், மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்து படித்தோம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'மாத்திரை போட்டா மூளை மந்தமா இருக்கு, விட்டுடலாமா' என்று அவர் கேட்டபோது, டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் அது சொல்லியிருந்தது. 'கேட்டுட்டேன், சரின்னுட்டார்' என்று இவர் எழுதினார். பொய். 'மிக்க மகிழ்ச்சி!' என்றது அது. மூன்று மணி நேரத் தூக்கமே போதுகிறது என்றார். சிலருக்கு அப்படித்தான், அது ஆற்றலின் அடையாளமாகவும் இருக்கலாம் என்றது. புடவையெல்லாம் சும்மா கொடுக்கப் போகிறேன் என்றார். கருணை நிறைந்த, துணிச்சலான யோசனை, அறிவிப்பு எழுதித் தரட்டுமா என்றது. எனக்குக் காட்டிய அந்த அட்டவணை? 'ஆஸ்பத்திரில காட்டணும், தூக்கம் ஏழு மணி நேரம்னு போட்டு ஒரு மாசத்துக்குத் தா' என்று எங்களிடம் வருவதற்கு முந்தைய நாள் கேட்டிருக்கிறார். ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்திருக்கிறது.

"எங்க அய்யா வைவாரு, இவ அழுவா. அது மட்டும்தாம்மா நான் எது சொன்னாலும் நல்லாருக்குன்னு சொல்லிச்சு" என்றார் முத்துக்குமார்.

செல்வி என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "அன்னைக்கு நான் பெஞ்சுலதாம்மா இருந்தேன். கூப்பிடுவீய, சொல்லிடலாம்னு இருந்தேன். அவுக வெளிய வந்து, எல்லாம் சரியா இருக்குன்னு மேடம் எழுதிட்டாகன்னாக. நீங்களே எழுதினப்புறம் நான் என்ன சொல்ல?"

எனக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்கு ஓட இப்போது வயதில்லை, அங்கேயே அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூருக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப மெலிந்திருந்தார். "எல்லாம் அந்தச் செயலி பண்ணினது சார்" என்று முடித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பண்ணினது பெரிய தப்புதான், இல்லேங்கலை. எதிர்ல இருக்கறவா தூங்கலேங்கறது அதுக்குத் தெரியாது. பெஞ்சில ஒருத்தி உக்காந்திருக்காங்கறதும் தெரியாது. உனக்குத் தெரியுமோன்னோ?" என்றார். கோப்பு கையில் இருந்திருந்தால் கவிழ்த்திருப்பார்.

மலருக்குக் கேட்ட பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் செயலியோடு பேசுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். வெட்கமில்லாமல் பேச அவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று கேளுங்கள், காட்டினால் படியுங்கள். பிறகு எழுந்து போய் பெஞ்சைப் பாருங்கள். எனக்கு இதைச் சொல்லும் யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் பட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

பணியின் கடைசி நாள். மாலையில் பாராட்டுக் கூட்டம், கன்னியம்மா காலையிலேயே மல்லிகைப் பூ வாங்கி வைத்துவிட்டார். அன்று வந்த கடைசிப் பெயர் முத்துக்குமார். பொத்தான்கள் சரியாக இருந்தன. மூன்று கேள்விகளையும் கேட்டு மேல்கட்டத்தில் எழுதினேன்.

"மேடம்..." என்று கன்னியம்மா வாசலில் ஆரம்பிப்பதற்குள், "கூப்பிடுங்க" என்றேன்.

செல்வி வந்து உட்கார்ந்தாள். எப்போது படுத்தார், எப்போது எழுந்தார்? "பத்து மணிக்குப் படுத்தாக, ஆறு மணிக்கு எழுந்தாக. ஒரே குறட்டை." என்ன சாப்பிட்டார்? "நாலு தோசை, நேத்து வச்ச மீன் குழம்பு." மாத்திரை? "நான்தான் எடுத்துக் குடுக்கேன். முழுங்கிட்டு, நான் கேக்காமலே வாயைத் திறந்து காட்டுதாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு நல்ல பதிலை நான் எழுதியதே இல்லை என்று தோன்றியது.

பேனாவை மூடப் போனவள், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "நீ தூங்குறியாம்மா?"

அவள் சிரிப்பு நின்றது.

"அவுக குறட்டை கேக்குற வரைக்கும் தூங்குவேம்மா. அது நின்னா முழிச்சுக்கிடுவேன்."

வார்த்தை மாற்றாமல் எழுதினேன். கீழ்க்கட்டம் போதவில்லை, தாளைத் திருப்பி, ஓரத்தில் எழுதி முடித்தேன்.